பவர் ஸ்டீயரிங் ரிமோட் ரிசர்வாயர்: மேட்டில் மூடி வழியாக ஆயில் கக்குகிறது, வென்ட்டை அடைத்துவிடலாமா?

பதிவு 1 · சேற்றுத்தடம்

வண்டியில் இருப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். டப்பா ஒட்டாத சாகினா டிசி (TC) மாடல் பவர் ஸ்டீயரிங் பம்ப். ஆயில் தனி ரிசர்வாயரில் இருக்கிறது: அலுமினிய உருளை, விட்டம் 100 மி.மீ., உயரம் 127 மி.மீ., கொள்ளளவு ஒரு லிட்டர். இடது மட்கார்டின் உள்பக்கம், பம்பைவிட 25 செ.மீ. மேலே நிற்கிறது. கீழே பம்புக்கு ஆயில் போகும் ஃபீட் வாய், பக்கவாட்டில் மேல்பகுதியில் ஆயில் திரும்பி வரும் ரிட்டர்ன் வாய். இரண்டிலும் 10 மி.மீ. உள்விட்டம் உள்ள ஹோஸ். மூடியின் ஓரத்தில் காற்று போய்வர 2 மி.மீ. வென்ட் ஓட்டை.

ஸ்டீயரிங் பாக்ஸோடு ஒரு அசிஸ்ட் ராம் (சக்கரத்தைத் திருப்ப உதவும் ஹைட்ராலிக் சிலிண்டர்) சேர்ந்திருக்கிறது. ஒற்றை ராட், ராட் விட்டம் 19 மி.மீ., ஸ்ட்ரோக் 200 மி.மீ.

கோளாறுகள்: செங்குத்தான ஏற்றத்திலும் பக்கச் சரிவிலும் மூடி வழியாக ஆயில் வடிகிறது. லாக் வரை, அதாவது ஸ்டீயரிங் இனி திரும்பாத எல்லை வரை, திருப்பினால் முனகல். அரை மணி நேரம் மெதுவாக ஓட்டியபின் மூடியைத் திறந்தால் ஆயில் ஸ்ட்ராபெர்ரி பால் மாதிரி நுரைத்திருக்கிறது.

கேள்வி இரண்டு. மூடி ஓட்டையை அடைத்து ஓ-ரிங் போட்டு இறுக்கிவிட்டால் போதுமா? இல்லை, ஓட்டையில் ஒரு நிப்பிள் வைத்து ஹோஸ் மாட்டி ஃபயர்வாலுக்கு (இன்ஜின் அறைக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள சுவர்) கொண்டுபோவதுதான் சரியா?

பதிவு 2 · ஸ்பானர்12

அடைக்காதீங்க. ஃபயர்வாலுக்கும் அவசரப்பட்டுக் கொண்டுபோகாதீங்க. ரெண்டுமே அப்புறம்.

முதல் குற்றவாளி அந்த 10 மி.மீ. ஃபீட் ஹோஸ். ரிட்டர்னுக்கு 10 மி.மீ. (ஃபிட்டிங் அளவுமுறையில ஏஎன் 6) சரி. ஃபீடுக்கு குறைஞ்சது 16 மி.மீ. (ஏஎன் 10) வேணும், இடம் இருந்தா 19 மி.மீ. (ஏஎன் 12). பம்ப் ஆயிலைத் தள்ளுறதுல கெட்டி, இழுக்குறதுல நோஞ்சான். ஃபீட்ல ஒல்லி ஹோஸ் வச்சா உள்ளே வெற்றிடம் உண்டாகும். அதுதான் முனகல்.

ரெண்டாவது குற்றவாளி மேலே இருக்கிற ரிட்டர்ன் வாய். திரும்பி வர்ற ஆயில் காத்துல குதிச்சு மேற்பரப்புல விழுந்தா தயிர் கடையற கதைதான். நுரைச்ச ஆயிலுக்கு இடம் அதிகம் வேணும், அதனால மூடி வழியா வெளியே வருது. நீங்க பார்க்குற கசிவுல பாதி இதுதான்னு நினைக்கிறேன். வென்ட் பாவம், பழியைச் சுமக்குது.

பதிவு 3 · கணக்குப்பிள்ளை

மேலே சொன்னதை எண்களில் வைத்துப் பார்க்கலாம்.

பம்பிலிருந்து பாக்ஸுக்குப் போகும் ஓட்டம் நிமிடத்துக்கு 12 லிட்டர் என்று கொள்வோம். வினாடிக்கு 200 சிசி. 10 மி.மீ. ஹோஸில் இந்த ஓட்டத்தின் வேகம் வினாடிக்கு 2.5 மீட்டர். 16 மி.மீ. ஹோஸில் 1 மீட்டர். 19 மி.மீ. ஹோஸில் 0.7 மீட்டர். ஹைட்ராலிக்ஸில் உறிஞ்சும் பக்கத்துக்கு ஒரு மீட்டர் வாக்கில் வைத்துக்கொள்வது பழைய பழக்கம். அதன்படி 16 மி.மீ. எல்லையில் நிற்கிறது, 10 மி.மீ. தேறாது. குளிர்ந்த, கெட்டியான ஆயிலில் நிலைமை இன்னும் மோசம்.

ஒரு சந்தேகம் வரலாம்: இன்ஜின் ஆர்பிஎம் ஏறினால் பம்ப் இன்னும் அதிகம் இழுக்குமே? இழுக்காது. ஃப்ளோ கன்ட்ரோல் வால்வ் மிச்ச ஆயிலைப் பம்புக்குள்ளேயே உறிஞ்சும் பக்கத்துக்குத் திருப்பிவிடும். ஃபீட் ஹோஸ் வழியாக வருவது வெளியே போன அளவு மட்டுமே.

ரிசர்வாயரை மேலே வைப்பதால் பம்புக்குப் பெரிய அழுத்தம் கிடைக்கும் என்பதும் தவறான எண்ணம். 30 செ.மீ. ஆயில் உயரம் தருவது 0.025 பார் மட்டுமே. மேலே வைப்பது ஹோஸில் எப்போதும் ஆயில் நிறைந்து நிற்பதற்கும், காற்றுக்குமிழி தானாக மேலேறி வெளியேறுவதற்கும்தான்.

இப்போது வென்ட். மூடிய ரிசர்வாயருக்குள் ஆயில் மட்டம் இரண்டு காரணத்தால் ஏறி இறங்கும்.

ராம்: ராட் வெளியே வரும்போது அது விட்டுவந்த இடத்தை ஆயில் நிரப்ப வேண்டும். 19 மி.மீ. ராட், 200 மி.மீ. ஸ்ட்ரோக் என்றால் 57 சிசி. ஒரு லாக்கிலிருந்து மறு லாக்குக்குத் திருப்பும் ஒவ்வொரு முறையும் ரிசர்வாயர் மட்டம் இந்த அளவு மாறும். இரட்டை ராட் ராமில் இந்தத் தொல்லை இல்லை, இருபக்கமும் சமம்.

வெப்பம்: மினரல் ஆயில் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.07 சதவீதம் விரியும். மொத்தம் ஒன்றரை லிட்டர் ஆயில் 20 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போனால் 84 சிசி கூடும்.

உங்கள் ரிசர்வாயரில் மூன்றில் இரண்டு பங்கு ஆயில் என்றால் காற்றுக்கு 330 சிசி. ராம் நடுவில் இருக்கும்போது, குளிர்ந்த நிலையில், மூடியை அடைத்துவிட்டீர்கள் என்று வையுங்கள். ஆயில் சூடாகி, ராட்டும் முழுக்க உள்ளே போனால் 84-உம் 28-உம் சேர்ந்து 112 சிசி காற்றிடம் பறிபோகிறது. மீதி 218 சிசி. அழுத்தம் 0.5 பார் ஏறிவிட்டது. அந்தக் காற்றும் சூடாவதைச் சேர்த்தால் 0.8 பாரையும் தாண்டும். பம்ப் ஷாஃப்டில் இருப்பது போன்ற சாதாரண லிப் சீல் நிம்மதியாகத் தாங்குவது 0.3 முதல் 0.5 பார் வரைதான்.

மறுபக்கம் அதைவிடக் கெட்டது. சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்து பார்த்துவிட்டு இறுக்கி மூடினால், ஆறியபின் உள்ளே 0.35 பாருக்கு மேல் வெற்றிடம் நிற்கும். மறுநாள் காலை பம்ப் அந்த வெற்றிடத்தை எதிர்த்துத்தான் கெட்டியான ஆயிலை இழுக்க வேண்டும். மினரல் ஆயிலில் அதன் கனஅளவில் சுமார் 9 சதவீதம் காற்று எப்போதும் கரைந்தே இருக்கிறது. அழுத்தம் குறைந்தால் சோடா பாட்டிலைத் திறந்தது போல அது குமிழியாகப் பிரியும். வெளியிலிருந்து ஒரு துளிக் காற்றும் நுழையாமலே நுரை வரும்.

பதிவு 4 · சேற்றுத்தடம்

ஃபீட் ஹோஸ் விஷயம் புரிந்தது. ரிசர்வாயரின் ஃபீட் வாயே 10 மி.மீ. தானே? அதில் 16 மி.மீ. ஹோஸை எப்படி மாட்டுவது? ரெட்யூசர் போடலாமா?

பதிவு 5 · ஸ்பானர்12

ரெட்யூசர் போட்டா ஹோஸ்தான் பெருசு, கழுத்து அதே ஒல்லி. பிரயோஜனம் இல்லை. அந்த வாயை வெட்டி எடுத்துட்டு ஏஎன் 10 பங் (ஹோஸ் ஃபிட்டிங் மாட்டுற மரை வாய்) வெல்டு பண்ணணும், இல்லைன்னா வேற ரிசர்வாயர். உங்களுக்கு ரெண்டாவதுதான் நல்லது. காரணத்தைக் கணக்குப்பிள்ளை சொல்லட்டும், 100-க்கு 127-ங்கிற அளவைப் பார்த்ததுமே எனக்கு இடிச்சுது.

வெல்டு பண்றதா இருந்தா உள்ளே ஒரு துணுக்குகூட விடக்கூடாது. பம்புக்குப் போற வழியில ஃபில்டர் வைக்கக்கூடாதுங்கிறதால அந்தத் துணுக்கு நேரா பம்புல ஆயிலைத் தள்ளுற தகடுகளான வேன்களுக்குள்ளதான் போகும். ஃபில்டர் ரிட்டர்ன் லைன்ல மட்டும்: 10 மைக்ரான், உள்ளே பைபாஸ் வால்வ் உள்ளது. வரிசை இப்படி: பாக்ஸ், கூலர், ஃபில்டர், ரிசர்வாயர்.

பதிவு 6 · கணக்குப்பிள்ளை

குட்டையும் அகலமுமான உருளை சரிவில் தோற்றுவிடும்.

45 டிகிரி சாய்வில் ஆயில் மேற்பரப்பு ஒரு பக்கச் சுவரில் விட்டத்தில் பாதியளவு ஏறும், எதிர்ச்சுவரில் அதே அளவு இறங்கும். 100 மி.மீ. விட்டத்துக்கு அது 50 மி.மீ. உங்கள் ரிசர்வாயரில் மூன்றில் இரண்டு பங்கு என்றால் மட்டம் 85 மி.மீ. தாழ்ந்த பக்கம் 135 மி.மீ. ஆகவேண்டும், ஆனால் உயரமே 127 மி.மீ. தான். நுரையே இல்லாவிட்டாலும் ஆயில் மூடியின் விளிம்பைத் தொட்டுவிடுகிறது. வென்ட் ஓட்டையும் அந்த விளிம்பில்தானே இருக்கிறது!

அதே ஒரு லிட்டரை 75 மி.மீ. விட்டத்தில் எடுத்தால் உயரம் 226 மி.மீ. மூன்றில் இரண்டு பங்கு மட்டம் 151. சாய்ந்தால் 188 வரை ஏறும். மூடிக்கு இன்னும் 38 மி.மீ. மிச்சம். மேட்டுப் பக்கச் சுவரிலும் 113 மி.மீ. ஆயில் நிற்பதால் ஃபீட் வாய் எந்தச் சாய்விலும் காற்றைக் குடிக்காது.

ஆக, ஒல்லியாக உயர்ந்தது வேண்டும், ஃபீட் வாய் அடியில் நடுவில், வென்ட் மூடியின் நட்டநடுவில். சாயும்போது மட்டம் அதிகம் மாறாத இடம் நடு அச்சுதான்.

இன்னொன்று: வினாடிக்கு 200 சிசி ஓடினால் ஒரு லிட்டர் ஆயில் ஐந்து வினாடியில் ஒரு சுற்று முடித்துவிடும். குமிழிகள் பிரிந்து மேலேற அந்த நேரம் பற்றாது. அதனால்தான் ரிட்டர்ன் வாயைச் சுவரையொட்டிச் சுழலும்படி வைத்து, அதற்கும் ஃபீடுக்கும் நடுவே ஓட்டைத் தகடு ஒன்றை வைக்கிறார்கள். ரிட்டர்ன் நுழையும் இடம் ஆயில் மட்டத்துக்குக் குறைந்தது 4, 5 செ.மீ. கீழே இருக்கட்டும்.

பதிவு 7 · லோரேஞ்ச்

இடையில் ஒரு கேள்வி. பம்போடு ஒட்டிய தகர டப்பா உள்ள பழைய பி மாடல் பம்புக்கு இதெல்லாம் பொருந்துமா? அதன் மூடியிலும் சரிவில் வடிகிறது.

பதிவு 8 · ஸ்பானர்12

பொருந்தும், ஆனா வழி வேற. சிலர் டப்பா மேல பெரிய பங் வெல்டு பண்ணி, நிரப்புற கழுத்தை அடைச்சு, அதை ரிமோட் ரிசர்வாயருக்கு ஃபீடா மாத்துறாங்க. பங் டப்பாவோட உச்சியில இருக்கணும். கொஞ்சம் கீழே வச்சாலும் அதுக்கு மேல காத்து தங்கி, ஒவ்வொரு குலுக்கலுக்கும் பம்புக்குள்ள போகும். கழுத்தை அரைகுறையா அடைச்சா அதுவும் காத்து இழுக்கும்.

டப்பாவைப் பம்ப் உடம்புலேர்ந்து கழட்டினா உள்ளே பெரிய ஓ-ரிங், பின்னால ஸ்டட் போல்ட்டுகளுக்குச் சின்ன ஓ-ரிங்குகள், பிரஷர் ஃபிட்டிங்குக்கு ஒண்ணு. மொத்த செட்டையும் மாத்தணும். பழசு ஒண்ணை விட்டாலும் ரெண்டாவது தடவை கழட்ட வேண்டியதுதான்.

வெல்டு பண்ண விருப்பம் இல்லைன்னா மூடியை மட்டும் மாத்தி அதுல வென்ட் ஹோஸ் மாட்டலாம். பாதி நிவாரணம்.

பதிவு 9 · சேற்றுத்தடம்

75 மி.மீ. உருளை எடுக்கிறேன். பம்பையும் எப்படியும் கழற்றத்தான் வேண்டும், ஷாஃப்ட் சீல் ஈரமாக இருக்கிறது. திரும்ப மாட்டும்போது கவனிக்க வேண்டியவை?

பதிவு 10 · எண்ணெய்க்கறை

பம்ப் வேலையில் பலர் சறுக்கும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

புல்லியைச் சுத்தியலால் அடிக்கக்கூடாது. அது பிரஸ் ஃபிட். ஷாஃப்ட் முனையில் உள்ள மரைக்குள் திருகி இழுக்கும் புல்லரும் தள்ளும் இன்ஸ்டாலரும் தனித்தனியாக உண்டு. அடித்து ஏற்றினால் அந்த அடி ஷாஃப்ட் வழியாக உள்ளே உள்ள ரோட்டரையும் பிடிப்பு ரிங்கையும் தாக்கும். புதுப் பம்ப் முதல் நாளே கரகரக்கும். புல்லியின் முகம் ஷாஃப்ட் முனையோடு சமமாக வரும் வரை இழுத்து, பெல்ட் பாதை நேராக இருக்கிறதா என்று ஒரு நேர்க்கோல் வைத்துப் பாருங்கள்.

பிரஷர் ஃபிட்டிங்: பல சாகினா பம்புகளில் ஓட்டத்தை அளக்கும் ஆரிஃபிஸ் (குறுகிய துளை) வெளியேறும் ஃபிட்டிங்கிற்குள்ளேயே இருக்கிறது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் ஏஎன் அடாப்டரைத் திருகினால் ஃப்ளோ கன்ட்ரோல் வால்வுக்கு அளவுகோலே இல்லாமல் போகும். ஸ்டீயரிங் தொட்டாற்சிணுங்கி ஆகிவிடும், ஆயிலும் கொதிக்கும். பழைய ஃபிட்டிங் இடத்திலேயே இருக்க, அதன்மேல் அடாப்டர் ஏற வேண்டும். கழற்றும்போது பின்னால் உள்ள ஸ்பூலும் (அந்த வால்வின் நகரும் உருளை) ஸ்ப்ரிங்கும் எகிறி விழும். ஸ்பூலைத் திருப்பிப் போட்டால் அசிஸ்டே வராது. எடுக்கும்முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மரைகள்: பழைய பாக்ஸ்களில் இன்வர்ட்டட் ஃப்ளேர் (விரித்த குழாய் முனை அழுந்தி அடைக்கும் வகை), பிந்தியவற்றில் ஓ-ரிங் வகை. மெட்ரிக் சாகினா பாக்ஸில் பிரஷர் பக்கம் எம்18×1.5, ரிட்டர்ன் பக்கம் எம்16×1.5. ஃப்ளேருக்கும் ஓ-ரிங்கிற்கும் டெஃப்லான் டேப் சுற்றவே கூடாது. அவை மரையில் அடைப்பதில்லை. பிய்ந்த டேப் துணுக்கு பாக்ஸின் வால்வில் போய்ச் சிக்கும். ஓ-ரிங்கில் அதே ஆயிலைத் தடவி மாட்டுங்கள்.

ஹோஸ்: பிரஷர் பக்கத்துக்கு எஸ்ஏஇ ஜே188 தரம், அல்லது தகுந்த அழுத்தம் தாங்கும், கிரிம்ப் செய்த பிடிஎஃப்இ ஹோஸ். அழுத்தம் மீறினால் ஆயிலைத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வ் 1,100 முதல் 1,500 பிஎஸ்ஐ வரை திறக்கும் இடம் அது, கிளாம்ப் விளையாட்டு வேண்டாம். ரிட்டர்னுக்கு எஸ்ஏஇ ஜே189. ஃபீடுக்குக் கம்பிச்சுருள் உள்ள உறிஞ்சு ஹோஸ், எஸ்ஏஇ 100ஆர்4. கம்பியில்லாத சாதாரண 16 மி.மீ. ஹோஸ் சூட்டில் தளர்ந்து உறிஞ்சலில் சப்பையாகிவிடும். ரேடியேட்டர் ஹீட்டர் ஹோஸ் அறவே கூடாது. அது பெரும்பாலும் ஈபிடிஎம் ரப்பர், மினரல் ஆயிலில் ஊதிப் பஞ்சாகும்.

ரிசர்வாயர் பாடியில், பம்ப் இன்ஜினில். இன்ஜின் மவுன்ட் குலுங்கும் அளவுக்கு ஹோஸில் தளர்வு விடுங்கள். ஆனால் தொய்வு விழாமல் ரிசர்வாயரிலிருந்து பம்ப் வரை இறக்கமாகவே போகட்டும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு மேல் வேண்டாம். சிந்தும் ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயில், ஸ்டீயரிங்கிலும் ஊற்றுவது) அங்கே பற்றிக்கொள்ளும்.

பதிவு 11 · மேட்டுவழி

எல்லாரும் "அடைக்காதே" என்கிறீர்கள். ஆனால் ரேஸ் ட்ரக்குகளில் மூடிய, அழுத்தம் பிடித்துவைக்கும் ரிசர்வாயர்தானே ஓடுகிறது? ரேடியேட்டர் மூடி மாதிரி ஸ்ப்ரிங் மூடி. உள்ளே கொஞ்சம் அழுத்தம் இருந்தால் கேவிட்டேஷன் (உறிஞ்சும் வெற்றிடத்தில் ஆயிலுக்குள் குமிழி உண்டாவது) குறையும், தலைகீழாகக் கவிழ்ந்தாலும் ஆயில் வராது. வென்ட் என்பதே பழைய யோசனை.

பதிவு 12 · கணக்குப்பிள்ளை

உள்ளே அழுத்தம் இருந்தால் கேவிட்டேஷன் குறையும், சரியான வாதம். 0.2 பார் அழுத்தமே அந்த 30 செ.மீ. ஆயில் உயரத்தை எட்டு மடங்காக்கியதற்குச் சமம். ஆனால் "மூடிய" ரிசர்வாயரும் "அழுத்தம் கட்டுப்படுத்திய" ரிசர்வாயரும் ஒன்றல்ல.

அந்த மூடிகளில் இரண்டு வால்வுகள் உண்டு. ஒன்று, குறித்த அழுத்தத்துக்கு மேல் வெளியே விடும். மற்றொன்று, உள்ளே வெற்றிடம் வந்தால் காற்றை உள்ளே விடும். ஓட்டையை எபாக்சி வைத்து அடைப்பதில் இரண்டும் இல்லை. காற்றிடமும் முக்கியம்: ஒரு லிட்டரில் 330 சிசி காற்றிடம் உள்ளதும், மூன்று லிட்டரில் ஒரு லிட்டர் காற்றிடம் உள்ளதும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. 112 சிசி மாற்றத்தைப் பெரிய காற்றிடம் அலட்டாமல் விழுங்கிவிடும். முழு ஹைட்ராலிக் ஸ்டீயரிங்கில் பெரும்பாலும் இரட்டை ராட் ராம், மட்டமும் அதிகம் ஆடாது.

ரேடியேட்டர் மூடியையே எடுத்து மாட்டுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அதில் எழுதியிருப்பது 0.9 அல்லது 1.1 பார். ஷாஃப்ட் சீலுக்கு அது அதிகம். 0.2, 0.3 பாரில் திறக்கும் மூடி கிடைத்தால் போடலாம்.

பதிவு 13 · மேட்டுவழி

0.3 பாரில் திறந்தால் அங்கேயும் ஆயில் வெளியே வருமே, அதற்கும் ஹோஸும் கேட்ச் கேனும் (சிந்துவதைப் பிடிக்கும் டப்பா) வேண்டாமா?

பதிவு 14 · ஸ்பானர்12

வேணும். அதனாலதான் சொல்றேன், அழுத்த மூடி போட்டாலும் வென்ட் ஹோஸ் வேலை தப்பாது. இந்த வண்டிக்குத் திறந்த வென்ட் போதும். அழுத்த மூடியோட வால்வ் சீட்ல ஒரு மணல் உட்கார்ந்தா அது ரெண்டுங்கெட்டான் ஆயிடும், வெளியிலேர்ந்து பார்த்தாத் தெரியாது. திறந்த ஹோஸை வாயால ஊதினா தெரிஞ்சுடும்.

பதிவு 15 · லோரேஞ்ச்

சரி, அந்த ஹோஸை எங்கேதான் கொண்டுபோவது? ஃபயர்வால் ஏன் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லையே.

பதிவு 16 · கணக்குப்பிள்ளை

வண்டி சமதளத்தில் நிற்கும்போது உயரமாகத் தெரியும் இடம் ஏற்றத்தில் உயரமாக இருக்காது.

ரிசர்வாயர் இன்ஜினுக்கு முன்பக்கம். வென்ட் முனை அதற்கு 60 செ.மீ. பின்னால் ஃபயர்வாலில், 20 செ.மீ. மேலே என்று வையுங்கள். வண்டி மூக்கைத் தூக்கி 30 டிகிரி ஏற்றம் ஏறினால், முனை ரிசர்வாயரைவிட 12 செ.மீ.க்கு மேல் கீழே போய்விடுகிறது! அந்த நேரத்தில் ஆயிலோ நுரையோ ஹோஸுக்குள் எட்டிப் பார்த்தால் போதும், சைஃபன் பிடித்து ஆயிலை வெளியே இறைத்துவிடும்.

வழி இரண்டு. ஒன்று, முனையை ரிசர்வாயருக்கு நேர் மேலே, பானட்டின் அடிப்பக்கம் வரை மட்டும் கொண்டுபோய் நிறுத்துவது. பக்கவாட்டுத் தூரம் இல்லாததால் எந்தத் திசைச் சாய்விலும் அது மேலேயே இருக்கும். இரண்டு, ஹோஸை முதலில் முன்னால் ரேடியேட்டர் சப்போர்ட்டின் உச்சிக்கு ஏற்றி, பிறகு பின்னால் ஃபயர்வால் உச்சிக்குக் கொண்டுபோவது. ஏற்றத்தில் முன்பக்கத் திருப்பம் உயர்ந்து நிற்கும், இறக்கத்தில் ஃபயர்வால் முனை உயர்ந்து நிற்கும். பக்கச் சரிவுக்கும் அதே யோசனை: ஃபயர்வாலில் ஹோஸை இடமிருந்து வலமாக ஒரு முறை ஓட்டி முடிப்பது.

இரண்டாவது வழியில் ஒரு சிக்கல். நடுவில் தொய்வு விழுந்தால் அங்கே ஆயில் தேங்கி அடைப்பான் ஆகிவிடும். திறந்த வென்ட் என்று நினைத்துக்கொண்டு அடைத்த வென்ட்டோடு ஓட்டிக்கொண்டிருப்போம். 25 செ.மீ.க்கு ஒரு பிடி போட்டு விறைப்பாகக் கட்டுங்கள். ஹோஸ் உள்விட்டம் 8 மி.மீ. இருந்தால் உள்ளே வந்த ஆயில் தானாகத் திரும்பி வடியும். 4 மி.மீ. ஹோஸில் ஆயில் தக்கை மாதிரி நின்றுவிடும்.

பதிவு 17 · எண்ணெய்க்கறை

முனையில் மாட்டும் ப்ரீதர் பற்றி. சின்ன வெண்கல சின்டர்டு (பொடியை இறுக்கிச் செய்த) ப்ரீதர் பார்க்க அழகு, ஆனால் ஆயில் ஈரமும் தூசியும் சேர்ந்தால் சிமென்ட் பூசியது போல அடைத்துக்கொள்ளும். பெட்ரோலுக்கான காகித ஃபில்டரும் ஆயிலில் நனைந்தால் அதே கதி. கழுவக்கூடிய நுரைப்பஞ்சு அல்லது கம்பிவலை ப்ரீதர் மேல். வாய் கீழ்நோக்கி இருக்கட்டும்.

தண்ணீரில் இறங்கும் வண்டிக்கு முனையின் உயரம் ஆயில் கசிவைவிட முக்கியம். நூறு டிகிரியில் இருக்கும் ரிசர்வாயர்மேல் ஆற்றுத் தண்ணீர் பட்டால் உள்ளே காற்று சட்டென்று சுருங்கும். முனை தண்ணீருக்குள் இருந்தால் அந்த நொடியில் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். நுரைத்த ஆயில் ஒரு ராத்திரி நின்றால் தெளிந்துவிடும். தண்ணீர் கலந்து பால் ஆனது தெளியாது, முழுக்கக் கொட்டிக் கழுவத்தான் வேண்டும்.

கேட்ச் கேனில் ஹோஸின் முனையை அடிமட்டம் வரை விட்டு, சிந்தியதை மறுபடி உறிஞ்சவைக்கும் ஏற்பாடு கூலன்ட்டுக்குச் சரி. ஸ்டீயரிங்குக்கு வேண்டாம், அங்கே சேர்ந்த மண்ணும் கூடவே வரும். கேனின் மேல்பகுதியிலேயே ஹோஸை விடுங்கள், சேர்ந்ததை அளந்து பார்த்துக் கொட்டிவிடுங்கள். எவ்வளவு சேர்கிறது என்பதே ஒரு தகவல்தான்.

கவிழக்கூடிய வண்டி என்றால் கவிழ்ந்தால் உள்ளே உள்ள உருண்டை வழியை அடைக்கும் ரோல்ஓவர் வால்வை ரிசர்வாயருக்குப் பக்கத்திலேயே, செங்குத்தாக மாட்டுங்கள். சாய்த்து மாட்டினால் சாதாரணச் சரிவிலேயே அடைத்துக்கொள்ளும்.

பதிவு 18 · சேற்றுத்தடம்

நேர் மேலே பானட் அடி வரை, 8 மி.மீ. ஹோஸ், கம்பிவலை ப்ரீதர். முடிவு செய்துவிட்டேன். எல்லாம் மாட்டியபின் காற்றை எடுக்கும் முறை? ராம் இருப்பதால் வழக்கமானது போதுமா?

பதிவு 19 · ஸ்பானர்12

போதாது. ராம்ல தங்குற காத்து சுலபமா வெளியே வராது.

முன் சக்கரம் ரெண்டையும் தூக்கி ஸ்டாண்ட்ல வைங்க. ஃபீட் ஹோஸை ரிசர்வாயர் பக்கம் மாட்டி, பம்ப் பக்கம் நுனியை விரலால பொத்தி, ஆயில் நிரப்பி, அப்புறம் பம்ப்ல சொருகுங்க. பெல்ட் போடுறதுக்கு முன்னாடி புல்லியைக் கையால பத்துப் பதினைஞ்சு சுத்து. காய்ஞ்ச பம்பை இன்ஜினால சுத்தினா வேன்கள் ரிங்ல உரசிக் கோடு விழும்.

ராமை டை ராட்லேர்ந்து கழட்டி, போர்ட் ரெண்டும் மேலே பார்க்கிற மாதிரி தொங்கவிட்டு, முழு ஸ்ட்ரோக் மெதுவா உள்ளே வெளியே தள்ளுங்க. ஹோஸ் ரிசர்வாயரைப் பார்த்து ஏறுமுகமா இருந்தா குமிழி தானா ஏறும். ரிசர்வாயர்ல மட்டத்தைப் பார்த்துக்கிட்டே இருக்க ஒரு ஆள் வேணும்.

அப்புறம் ராமை மாட்டி, இன்ஜின் ஆஃப்ல, ஸ்டீயரிங்கை லாக்குக்கு லாக் 20, 30 தடவை. மெதுவா. வேகமா திருப்பினா காத்தையும் ஆயிலையும் நீங்களே அடிச்சுக் கலக்குறீங்க. குமிழி நின்னதும் இன்ஜினை அஞ்சு வினாடி ஐடிலிங் விட்டு அணைங்க, மட்டம் பாருங்க, ஊத்துங்க. மட்டம் இறங்காத வரைக்கும் இதேதான். கடைசியா ஐடிலிங்ல லாக்குக்கு லாக். லாக்ல அஞ்சு வினாடிக்கு மேல பிடிச்சு நிக்காதீங்க, மொத்த சக்தியும் ரிலீஃப் வால்வ்ல சூடா மாறும்.

வேக்குவம் பம்ப் இருந்தா ரிசர்வாயர் வாயில வச்சு 20 அங்குல பாதரசம் வரை இழுத்துப் பத்து நிமிஷம். இதைப்போல சுத்தமா வேற எந்த முறையும் எடுக்காது.

பதிவு 20 · எண்ணெய்க்கறை

காற்று மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி. இன்ஜின் ஓடும்போது மட்டத்தைக் குறித்துக்கொண்டு, அணைத்ததும் பாருங்கள். மட்டம் சட்டென்று உயர்ந்தால் உள்ளே நசுங்கியிருந்த காற்று விரிகிறது என்று அர்த்தம்.

எல்லாம் எடுத்தபிறகும் நுரை திரும்பத் திரும்ப வந்தால் ஃபீட் பக்கம் எங்கோ காற்று நுழைகிறது. அங்கே உள்ளே வெற்றிடம் என்பதால் ஆயில் வெளியே கசியாது, காற்று மட்டும் உள்ளே போகும். காய்ந்து சுத்தமாக இருக்கும் இணைப்பை நம்பாதீர்கள். ஐடிலிங்கில் ஒவ்வொரு இணைப்பிலும் கிரீஸைத் தடவிக்கொண்டே வாருங்கள். எந்த இடத்தில் தடவும்போது சத்தம் மாறுகிறதோ அதுதான். ஈரமான ஷாஃப்ட் சீல் என்று சொன்னீர்களே, அதுவும் இந்தப் பட்டியலில் சேரும்: நின்றால் ஆயில் வெளியே, ஓடினால் காற்று உள்ளே.

ஆயில்: பம்பையும் பாக்ஸையும் செய்தவர் சொன்னது எதுவோ அது. டெக்ஸ்ரான் ஏடிஎஃப் என்றால் அது மட்டும், சிந்தெடிக் சிஎச்எஃப் ஹைட்ராலிக் ஆயில் என்றால் அது மட்டும். பிரேக் ஆயில் ஒரு புனல் வழியாகக்கூடக் கலக்கக்கூடாது, நைட்ரைல் சீல்கள் ஊதிப்போகும்.

பதிவு 21 · மேட்டுவழி

ஹைட்ரோபூஸ்ட் பிரேக் (ஸ்டீயரிங் பம்ப் அழுத்தத்தில் ஓடும் பிரேக் பூஸ்டர்) உள்ள வண்டிக்கு ரிசர்வாயரில் ரிட்டர்ன் வாய் எத்தனை வேண்டும்?

பதிவு 22 · ஸ்பானர்12

ரெண்டு. பூஸ்டரோட ரிட்டர்னை பாக்ஸ் ரிட்டர்னோட டீ இணைப்பு போட்டுச் சேர்க்காதீங்க, கூலருக்கு முன்னாடி நிச்சயமா கூடாது. ஸ்டீயரிங் திருப்பும்போது வர்ற பின்னழுத்தம் பூஸ்டருக்குள்ள ஏறி பிரேக் தானா பிடிக்கும். பூஸ்டர் ரிட்டர்ன் நேரா ரிசர்வாயருக்கு.

பதிவு 23 · சேற்றுத்தடம்

கடைசிச் சந்தேகம். புது ரிசர்வாயரில் மட்டக் கோடு எதுவும் இல்லை. எங்கே குறிப்பது?

பதிவு 24 · கணக்குப்பிள்ளை

75 மி.மீ. விட்டத்தில் ஒவ்வொரு 10 மி.மீ. உயரமும் 44 சிசி. ராட் முழுக்க வெளியே நிற்கும் லாக்கில் வைத்து, குளிர்ந்த ஆயிலை அடியிலிருந்து 130 மி.மீ. வரை ஊற்றுங்கள். அதுதான் குளிர்க்கோடு. ராட் உள்ளே போனால் 13 மி.மீ. ஏறும், சூட்டில் இன்னும் 19 மி.மீ. இரண்டும் சேர்ந்தால் 162. அந்த நிலையில் 45 டிகிரி சாய்ந்தாலும் தாழ்ந்த சுவரில் 200 மி.மீ. தான், மூடிக்கு 26 மி.மீ. பாக்கி.

எந்த லாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதையும் கோட்டுக்குப் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். அடுத்த லாக்கில் பார்த்துவிட்டுக் குறைகிறது, கூடுகிறது என்று யாராவது ஊற்றிவிடுவார்கள்.

பதிவு 25 · ஸ்பானர்12

பானட்டை மூடும்போது ப்ரீதர் தட்டுதான்னு பாருங்க. ஒரு களிமண் உருண்டையை அதுமேல வச்சு மூடித் திறந்தா தெரியும். 10 மி.மீ. கனம் மிஞ்சணும்.